தக்காளிக்கு நீங்கள்தான் மண்

தக்காளி பறிக்க ஏணி வேண்டுமா? 1930-களில் அமெரிக்காவில் வேண்டியிருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய வில்லியம் கெரிக்கி, உப்புகள் கரைத்த தண்ணீர்த் தொட்டிகளின் மேல் தக்காளி வளர்த்தார். கொடிகள் 25 அடி வரை போயின. ஏணியில் நின்று பழம் பறிக்கும் படங்கள் வெளிவந்ததும் பரபரப்பு பற்றிக்கொண்டது. இனி நிலமே வேண்டாம், வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி போதும் என்ற பேச்சு கிளம்பியது.

அதே வளாகத்தில் இருந்த டென்னிஸ் ஹோக்லாந்து, டேனியல் ஆர்னன் என்ற இரு விஞ்ஞானிகள் இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல மண், மணல், ஊட்டக் கரைசல் என மூன்றிலும் தக்காளியை வளர்த்து ஒப்பிட்டார்கள். மூன்றையும் ஒரே அக்கறையோடு கவனித்தபோது விளைச்சலில் பெரிய வேறுபாடு இல்லை. 1938-ல் இதைச் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். அதில் அவர்கள் கொடுத்த உப்புக் கலவைதான் ‘ஹோக்லாந்து கரைசல்’ என்ற பெயரில் உலகெங்கும் தாவர ஆய்வகங்களில் இன்றும் புழங்குகிறது.

மொட்டை மாடியில் முதல் பக்கெட்டை வைக்கும் முன் இந்த முடிவைத் தெரிந்துகொள்வது நல்லது. மண்ணை எடுத்துவிட்டால் செடிக்குப் புதுச் சக்தி எதுவும் வந்துவிடாது. நமக்குத் தெரியாமலே மண் செய்துவந்த வேலைகள் அத்தனையும் நம் கைக்கு வந்து சேரும், அவ்வளவுதான். அவை என்னென்ன வேலைகள் என்று புரிந்துகொண்டவர்களுக்கு மண்ணில் விளைவதற்குக் குறையாத தக்காளி மாடியிலும் விளையும். நூற்புழுவும் வாடல் நோயும் ஊறிப்போன மண்ணோடு போராடுகிறவர்களுக்கோ, பிடி மண்கூட இல்லாத நாலாவது மாடிக்காரர்களுக்கோ இது பெரிய வரம்.

செடி எதைத் தின்று வளர்கிறது என்ற கேள்வி பழையது. பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 164 பவுண்டு கூடியது. மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான். ஆகவே தண்ணீரே மரமாகிறது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648-ல் இது நூலாக வெளிவந்தது. மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்பது அவர் கணக்கில் வரவில்லை. அந்த 2 அவுன்ஸையும் அவர் பொருட்படுத்தவில்லை. மண்ணில்லா வேளாண்மையின் கதை முழுவதும் அந்த 2 அவுன்ஸுக்குள்தான் இருக்கிறது.

1699-ல் இங்கிலாந்தின் ஜான் வுட்வர்ட் புதினாச் செடிகளை மழைநீரிலும், தேம்ஸ் நதி நீரிலும், தோட்ட மண் கலக்கிய நீரிலும் வளர்த்துப் பார்த்தார். தெளிந்த நீரைவிடக் கலங்கிய நீரில்தான் புதினா செழித்தது. நீரோடு வேறு ஏதோ ஒன்றும் செடிக்குப் போகிறது என்பது உறுதியானது. 1860-களில் ஜெர்மனியின் சாக்ஸும் நாப்பும் அந்த ‘ஏதோ ஒன்று’ சில எளிய உப்புகளே என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்த தேடலில் தக்காளிக்குப் பெரும் பங்கு உண்டு. வேகமாக வளரும், ஒரு சத்துக் குறைந்தாலும் இலையில் உடனே காட்டிக்கொடுக்கும் செடி அது. மாலிப்டினம் என்ற உலோகம் செடிக்கு இன்றியமையாதது என்று 1939-ல் ஆர்னனும் பெர்ரி ஸ்டவுட்டும் கண்டுபிடித்தது தக்காளியில்தான். கரைசலில் 10 கோடியில் ஒரு பங்கு இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால் செடி நொடித்துப்போகிறது. 1954-ல் குளோரினின் தேவை தெரியவந்ததும் தக்காளியிலேயே. சமையலறையில் நாம் தினமும் நறுக்கும் பழம், தாவர ஊட்டவியலுக்கு இவ்வளவு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய அத்தியாயம் உண்டு. 1940-களின் பிற்பகுதியில் டார்ஜிலிங் மலைப்பகுதியின் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் பம்பும் குழாயும் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு முறையை உருவாக்கினார். கல்துகள் நிரப்பிய பாத்திகளில் உப்புகளைத் தூவித் தண்ணீர் விடுவதுதான் முறை. ‘வங்காள முறை’ என்று அது உலகில் அறியப்பட்டது. கருவிகள் இல்லாத ஏழை வீட்டையும் மனத்தில் வைத்து இந்தத் துறையில் யோசித்தவர்களில் அவர் முன்னோடி.

சரி, மண் என்னதான் செய்துகொண்டிருந்தது?

முதல் வேலை, வேருக்கு மூச்சு கொடுப்பது. வேரும் ஆக்சிஜனை உள்வாங்கித்தான் உயிர்வாழ்கிறது, அதில் கிடைக்கும் ஆற்றலைக்கொண்டுதான் உப்புகளை உள்ளே இழுக்கிறது. நல்ல மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று நிறைந்த இடைவெளிகள் உண்டு. தண்ணீரில் அவை இல்லை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. அதே வெப்பத்தில் வேரின் தேவையோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் அந்த நேரம் பார்த்துத்தான் பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகள் நுழைகின்றன. வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி, கையில் வழுக்கி, நாற்றம் வீசினால் காரணம் பெரும்பாலும் இதுதான். பக்கெட் நிறையத் தண்ணீர் இருந்தும் செடி நண்பகலில் வாடி நிற்கும். மூச்சுத் திணறும் வேரால் தண்ணீரை இழுக்க முடிவதில்லை.

தீர்வு கடினமில்லை. மீன் தொட்டிக்கு வைக்கும் சிறிய காற்று மோட்டார் போதும். 5 வாட் மோட்டார் நாள் முழுவதும் ஓடினாலும் செலவு 0.12 யூனிட்தான். மின்சாரமே வேண்டாம் என்றால் ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இருக்கிறது. மூடியில் செடியைப் பொருத்திப் பக்கெட்டைக் கரைசலால் நிரப்பி விட்டுவிடுவது. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இடையில் உருவாகும் ஈரமான காற்றுவெளியில் மேல்வேர்கள் பரவி மூச்சு விடும், கீழ்வேர்கள் கரைசலை உறிஞ்சும். கீரைக்கு இது அருமையான முறை. தக்காளிக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நன்றாக வளர்ந்த செடி வெயில் நாளில் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை குடித்துவிடும் என்பதால் 20 லிட்டர் பக்கெட்கூட மூன்று வாரம் தாங்காது. மறுபடி ஊற்றும்போது விளிம்புவரை நிரப்பக் கூடாது. காற்றுக்குப் பழகிய மேல்வேர்கள் மூழ்கினால் செத்துவிடும்.

இரண்டாவது வேலை, உணவை அளந்து கொடுப்பது. மண்ணில் களித்துகளும் மட்கிய பொருளும் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்றன. அதிகமாகப் போட்டாலும் குறைவாகப் போட்டாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். பக்கெட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, நாம் அளந்ததுதான் அளவு. 10 லிட்டர் கரைசலுக்கு நான் நம்பிச் சொல்லும் கணக்கு இது: கால்சியம் நைட்ரேட் 10 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 4 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 2 கிராம், எப்சம் உப்பு என்கிற மெக்னீசியம் சல்பேட் 5 கிராம். இவற்றோடு 12 சதவீத இரும்புச் சீலேட் 0.2 கிராம், பொட்டலத்தில் குறித்த அளவு நுண்ணூட்டக் கலவை. தழைச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்பு ஆகியவை ஹோக்லாந்து கரைசலுக்கு ஏறக்குறைய பக்கத்தில் வந்துவிடும். நாற்றுக்கு இதில் பாதி செறிவு போதும். கரைசலின் செறிவை ஈசி மீட்டர் காட்டும். காய்க்கும் செடிக்கு 2 முதல் 3 மில்லிசீமென்ஸ் வரை சரியான அளவு.

உப்புகளைக் கலக்கும் முறையிலும் வேதியியல் இருக்கிறது. கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் குறைந்த நீரில் ஒன்றாகக் கரைத்தால் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். பாஸ்பேட்டோடு சேர்ந்தாலும் இதே கதைதான். அடியில் படிந்த சத்து செடிக்கு எட்டாது. ஆகவே கால்சியம் நைட்ரேட் தனிக் குப்பியில், பாஸ்பேட்டும் சல்பேட்டும் வேறு குப்பியில். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, பக்கெட் நிறைய நீர் இருக்கும்போது ஊற்ற வேண்டும். கடைகளில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பாட்டிலாக விற்பதன் காரணம் இதுவே.

உரக்கடைகளில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 19:19:19 வாங்கிக் கரைக்கிறவர்கள் பலர். வயலுக்கு அது நல்ல உரம். பக்கெட்டுக்குப் பொருந்தாது. அதில் கால்சியம் இல்லை. அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. யூரியாவை வேர் விரும்பும் நைட்ரேட்டாக மாற்றித்தருபவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். புதிய பக்கெட்டில் அவை போதிய அளவில் இல்லை. பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்றவற்றை நேராகக் கரைசலில் ஊற்றுவதும் கேடுதான். அவற்றைச் சிதைக்கக் கிளம்பும் பாக்டீரியாக்கள் வேருக்கு இருந்த ஆக்சிஜனையும் தின்றுவிடும். மண்ணுக்கு அமுதமானது பக்கெட்டில் அழுகலாகிறது.

‘அப்படியானால் இது ரசாயனத் தக்காளிதானே’ என்று கேட்பவர்களுக்கு மதிப்போடு ஒரு பதில் சொல்ல வேண்டும். சாணத்தில் இருந்து வந்தாலும் மூட்டையில் இருந்து வந்தாலும் வேர் உறிஞ்சும் நைட்ரேட் ஒன்றுதான். செடியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆனால் மூட்டை நைட்ரேட்டின் மூலப்பொருளான அம்மோனியாவைத் தயாரிக்க இயற்கை எரிவாயு செலவாகிறது, மண்ணில் வாழும் கோடானுகோடி உயிர்களுக்கு அதனால் வாழ்வு கிடைப்பதில்லை. இந்தக் கவலை நியாயமானது. மண் வளமாக இருக்கும் தோட்டத்தைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு அதன்மேல் பக்கெட் வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வேலை, புளிப்பையும் காரத்தையும் சமன்செய்வது. தக்காளி வேருக்கு 5.5 முதல் 6.5 வரையிலான பிஎச் ஏற்றது. அதற்கு மேலே போனால் இரும்பு கரைசலில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. சீலேட் என்ற மூலக்கூறு இரும்பைப் பிடித்து வைத்துக் காப்பாற்றுகிறது என்றாலும், மலிவாகக் கிடைக்கும் ஈடிடிஏ வகை 6.5-க்கு மேல் பிடியைத் தளர்த்திவிடும். சென்னை போர் தண்ணீரில் பைகார்பனேட் மிகுதி, பிஎச்சை அது விடாமல் மேலே தள்ளும். செடியும் தன் பங்குக்கு, நைட்ரேட்டை உள்ளே இழுக்கும்போது காரத்தன்மையை வெளியே விடுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அளந்து, சில துளிப் பாஸ்பாரிக் அமிலத்தால் இறக்க வேண்டும். கையுறை கட்டாயம், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பாட்டில் இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் பிஎச்சை இறக்கும். ஆனால் சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் பழையபடி ஏறிவிடும். போர் தண்ணீரில் உப்பு மிகுந்திருந்தால் மழைநீரைச் சேமித்துக் கலந்துகொள்வதே சிறந்த வழி.

எந்தச் சத்து குறைகிறது என்பதை இலையில் படிக்கலாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழவிலைகளில் இருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துவிடும், அதனால் அடியிலைகள் முதலில் வெளுக்கும். இரும்பும் கால்சியமும் போன இடத்திலேயே தங்கிவிடுபவை. அவை குறைந்தால் குருத்துதான் முதலில் வாடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. அடியிலையில் அதே கோலம் தெரிந்தால் மெக்னீசியம். மீட்டர் இல்லாதவர்கூட இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் பாதி மருத்துவர்.

கால்சியத்தின் இந்தக் குணம்தான் தக்காளியின் மிகப் பிரபலமான கோளாறுக்கும் காரணம். பழத்தின் அடிப்பக்கம் கறுத்து, தோல்போலக் காய்ந்து உள்வாங்கும். பலர் பூச்சி என்று எண்ணி மருந்தடிக்கிறார்கள். அது நோயே இல்லை. கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே பயணம் செய்யும். இலையில் இருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் ஓட்டம் பெரும்பாலும் இலைப் பக்கமே போகிறது. வழவழப்பான பழத்தோலில் ஆவியாதல் மிகக் குறைவு. ஆகவே கரைசலில் கால்சியம் தாராளமாக இருந்தாலும் பழத்தின் கடைக்கோடிக்கு அது போய்ச் சேராது. வறண்ட வெயில் காற்று, உப்பு ஏறிப்போன கரைசல், சூடேறிய வேர் எல்லாம் இதை மோசமாக்கும். மேலும் கால்சியம் கொட்டுவதைவிட நிழல்வலை கட்டுவதும், கரைசலைச் சற்று நீர்க்கச் செய்வதும் நல்ல பலன் தரும்.

நான்காவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மண் வேரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கறுப்புப் பக்கெட் வைத்தால் கரைசல் வெந்நீராகிவிடும். பக்கெட்டுக்குள் ஒளி புகக் கூடாது, புகுந்தால் பாசி படரும். வெளியே வெப்பம் ஏறக் கூடாது. உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது பெயிண்ட் என்பது எளிய ஏற்பாடு. தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வைத்து, ஈரச் சாக்கால் சுற்றினால் இன்னும் நல்லது. மூடியில் ஒரு சிறு ஓட்டைகூடத் திறந்திருக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மூடாத நீர் போதும்.

தண்ணீரை நேரடியாகக் கையாளத் தயங்குபவர்களுக்குத் தென்னை நார்க்கழிவு நடுவழி. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் ஒரு காலத்தில் குப்பையாகக் குவிந்துகிடந்த பொருள் இது. இன்று கட்டிகளாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுக் கண்ணாடிக் குடில்களில் தக்காளி வளர்க்கப் போகிறது. நீரையும் காற்றையும் ஒன்றாகப் பிடித்து வைப்பதில் இதற்கு இணை குறைவு, மோட்டார் நின்றாலும் செடி சில மணி நேரம் தாங்கும். ஆனால் நாரில் சோடியமும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். நல்ல நீரில் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, மறுபடி அலசிய பிறகே நட வேண்டும்.

பூத்த பிறகு இன்னொரு கட்டம். தக்காளிப் பூ தன்மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் மகரந்தம் ஒரு கூம்புக்குள் அடைபட்டிருக்கிறது. அதிர்ந்தால்தான் நுனி வழியாகக் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைக்கும் கருவண்டும் நீலக்கோட்டுத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு மார்புத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. 1980-களின் இறுதியில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பம்பிள் தேனீக்களைப் பெட்டியில் வளர்த்துக் குடில்களுக்குள் விடத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஆட்கள் அதிர்வுக் கருவியோடு ஒவ்வொரு கொத்தாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். மாடியில் காற்று வீசினால் பெரும்பாலும் அதுவே போதும். வலைக்குள் வளர்ப்பவர்கள் காலை வேளையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடலாம். மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தை ஒரு நொடி வைத்தாலும் நடக்கும்.

அதிர்த்துவிட்டாலும் வெப்பம் விடாது. பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழக்கிறது. இரவில் சூடு தணியாவிட்டாலும் பூ காம்போடு உதிர்கிறது. சென்னையில் மே மாத இரவு 27, 28 டிகிரியில் நிற்கும். பழுக்கும்போதும் 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைகோபீன் உருவாவது தடைப்பட்டு, பழம் ஆரஞ்சாகவே நின்றுவிடும். எவ்வளவு நல்ல கரைசலாலும் இதை மாற்ற முடியாது. கோடையில் பெருகும் வெள்ளை ஈ இலைச்சுருள் வைரஸையும் கொண்டுவந்து சேர்க்கும். கடலோர ஊர்களில் புரட்டாசியில் விதைத்து, ஐப்பசியில் நாற்றைப் பக்கெட்டுக்கு மாற்றி, தையில் பறிப்பதே சரியான கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழை கரைசலில் இறங்காதபடி மேலே ஒரு பாலித்தீன் கூரை தேவை. ஓசூர், கோவைக்காரர்களுக்குப் பருவம் இன்னும் தாராளம்.

பணக் கணக்கையும் பேசிவிடலாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அப்போது பலர் இந்த முறையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். நன்றாக வந்த ஒரு செடி 3, 4 கிலோ காய்த்தால் மகிழலாம். பக்கெட், மீட்டர், உப்புகள், வலை எல்லாவற்றையும் கூட்டினால் கடைத் தக்காளியை விலையில் வெல்வது அரிது. வேறு ஒரு லாபம் உண்டு. சந்தைத் தக்காளி நெடுந்தூரப் பயணத்துக்காகக் காயாகவே பறிக்கப்பட்டது. கொடியிலேயே பழுத்ததைப் பறித்த அன்றே ரசத்தில் போட்டுப் பாருங்கள். கரைசலின் செறிவைப் பழுக்கும் காலத்தில் சற்றுக் கூட்டினால் பழம் சிறுத்து, இனிப்பும் புளிப்பும் ஏறும். எடையை விரும்புகிறவர் அதைச் செய்ய மாட்டார், சுவையை விரும்புகிறவர் செய்வார்.

வரும் புரட்டாசியில் ஒரே ஒரு பக்கெட்டோடு தொடங்குங்கள். கொத்துத் தக்காளி என்கிற செர்ரி வகை முதல்முறைக்கு ஏற்றது. பழம் சிறியது, அடிப்பக்கம் கறுப்பதும் குறைவு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழைய கரைசலை மாற்றும்போது அதைச் சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். அதில் இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏரியில் கலந்தால் ஆகாயத்தாமரைக்குத்தான் உணவு. இரண்டு பங்கு நீர் கலந்து செம்பருத்திக்கோ, கறிவேப்பிலைக்கோ, தெருவில் நிற்கும் வேம்புக்கோ ஊற்றுங்கள்.